காலாவதியான விற்றமின் ஊசி: திகதி கடந்தபின் யாரை நம்புவது?

கடந்த மாதத்துடன் காலாவதியாகிவிட்ட விற்றமின் ஊசி மருந்தொன்றை இந்த மாதம் ஏற்றிக்கொள்ளலாமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் எமது நாட்டின் வீடுகளிலும் தனியார் மருந்தகங்களிலும் கிராமப்புற வைத்தியசாலைகளின் மருந்து அலுமாரிகளுக்கு முன்னாலும் இக்கேள்வி ஓயாமல் எழுந்து கொண்டிருக்கிறது. கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பொதியில் இரண்டு பி12 ஊசிகள் எஞ்சிக் கிடக்கின்றன. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தவர் கொண்டுவந்த பெட்டியில் பி கொம்பிளெக்ஸ் ஊசிகள் கிடக்கின்றன. 2022 ஆம் ஆண்டில் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றபோது, மருந்துகளின் உச்ச விலைகள் ஓரிரு மாத இடைவெளியில் இரு தடவைகள் உயர்த்தப்பட்டன. அந்நாட்களில் மருந்துக்காக அலைந்தவர்களுக்கு ஒரு கண்ணாடிக் குப்பியைக் குப்பைக்குள் வீச இன்றும் மனம் வருவதில்லை.

இக்கேள்விக்கு எம்மவர் மத்தியில் இரண்டு விடைகள் உலாவுகின்றன. "விற்றமின் தானே, ஒன்றும் செய்யாது, போடுங்கள்" என்பது ஒன்று. "திகதி முடிந்துவிட்டால் அது நஞ்சு" என்பது மற்றையது. இரண்டுமே காரணம் ஆராயாமல் சொல்லப்படுபவை. இவற்றுள் முதலாவது விடையே அதிகம் விரும்பிக் கேட்கப்படுகிறது. அதிக தீங்கு விளைவிப்பதும் அதுவே என்பது எமது கருத்து.

முதலில், மருந்தின் மீது அச்சிடப்படும் திகதி எதைக் குறிக்கிறது என்பதை விளங்கிக் கொள்ள வேண்டும். அது மருந்து கெட்டுப்போகும் நாளன்று. உற்பத்தியாளர் தமது மருந்தைக் குறித்த வெப்பநிலையிலும் ஈரப்பதனிலும் வைத்துக் குறித்த கால இடைவெளிகளில் சோதித்துப் பார்க்கிறார். பின்னர், நான் எழுதியிருக்கும் அளவு மருந்து இந்நாள் வரை இதற்குள் இருக்கும், இருக்கக்கூடாதவை வரம்பை மீறி இரா என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கின் எல்லையே காலாவதித் திகதியாகும். பெரும்பாலான மருந்துகளில் எழுதப்பட்ட அளவின் 90 சதவீதமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஐக்கிய அமெரிக்காவில் 1979 ஆம் ஆண்டிலிருந்து இத்திகதி கட்டாயமாக்கப்பட்டது. இரண்டு அல்லது மூன்று வருடங்களுக்குச் சோதித்தவர் அத்துடன் நிறுத்திக் கொள்கிறார். அதற்கு அடுத்த வருடத்தில் என்ன நிகழும் என்பதைப் பார்க்க வேண்டிய வணிகத் தேவை அவருக்கு இல்லை.

ஆனால் அதைப் பார்க்க வேண்டிய தேவை அமெரிக்க இராணுவத்துக்கு இருந்தது. களஞ்சியங்களில் பெருந்தொகை மருந்தைச் சேர்த்து வைத்துவிட்டுச் சில வருடங்களுக்கு ஒருமுறை அவற்றை அழித்து மீண்டும் வாங்குவது பெரும் செலவாயிற்று. ஆகவே 1986 இல் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துடன் இணைந்து, திகதியை நெருங்கிய மருந்துகளை மீளச் சோதிக்கும் திட்டமொன்றை அது ஆரம்பித்தது. 2006 இல் வெளியான அதன் முடிவுகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. 122 வகை மருந்துகளின் 3,005 தொகுதிகள் சோதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் 88 சதவீதமான தொகுதிகளின் காலத்தைக் குறைந்தது ஒரு வருடத்துக்கேனும் நீடிக்க முடிந்தது. சராசரி நீடிப்பு 66 மாதங்களாகும்.

"திகதி என்பதே கம்பனிகளின் தந்திரம்" என்று வாதிடுவோர் இந்தப் புள்ளிவிபரத்தையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். அதே ஆய்வின் மற்றைய பகுதியை அவர்கள் படிப்பதில்லை. சோதிக்கப்பட்டவை உறை பிரிக்கப்படாதவை; வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியத்தில் இருந்தவை. ஒரே மருந்தின் வெவ்வேறு தொகுதிகள் வெவ்வேறு காலம் தாக்குப்பிடித்தன. ஆகவே ஒரு தொகுதி நின்றதென்பதற்காக அடுத்த தொகுதியும் நிற்கும் என்று எவரும் சொல்வதற்கில்லை. ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் நீடிப்பு வழங்கப்பட்டது. புத்தளத்தில் ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இரண்டு வருடங்களாக இருந்த ஊசிக்கு இந்தச் சராசரி எவ்விதத்திலும் பொருந்தாது.

நஞ்சாகிவிடும் என்ற அச்சத்தின் கதையும் சுவையானது. காலங்கடந்த மருந்து நோயாளியைப் பாதித்ததற்கு மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்பக் காட்டும் உதாரணம் டெட்ராசைக்கிளின் எனும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தாகும். 1963 இல், சிதைவடைந்த அம்மருந்தை உட்கொண்ட நோயாளர் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதாக அமெரிக்க மருத்துவர்கள் அறிக்கையிட்டனர். பிற்காலத்தில் அம்மருந்தின் தயாரிப்பு முறை மாற்றப்பட்டது. அறுபது வருடங்களுக்கு மேல் கடந்தும் அதே உதாரணம் எடுத்தாளப்படுவதிலிருந்தே அத்தகைய சம்பவங்கள் எவ்வளவு அரிதானவை என்பது புலனாகும். ஆகவே திகதி முடிந்த மறுநாள் விற்றமின் ஊசி நஞ்சாகிவிடுகிறது என்பதை நாம் ஏற்கவில்லை.

அப்படியாயின் பிரச்சினை எங்கே இருக்கிறது? விற்றமின்களின் இயல்பிலேயே அது இருக்கிறது. மருந்துகளுள் மிக இலகுவில் சிதையக்கூடிய வகுப்பைச் சேர்ந்தவை இவை. அதனாலேயே உற்பத்தியாளர்கள் எழுதிய அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இவற்றைச் சேர்க்கின்றனர். மாத்திரையில் உலர்ந்திருக்கும்போது ஓரளவு தாக்குப்பிடிக்கும் விற்றமின், ஊசி மருந்தில் நீரில் கரைந்திருக்கும்போது வேகமாகச் சிதைகிறது. வெளிச்சம் பட்டாலும், ஒட்சிசன் பட்டாலும், வெப்பம் ஏறினாலும் அது குறைந்துகொண்டே போகும். பி12, கே ஆகியன கபில நிறக் கண்ணாடியில் அடைக்கப்படுவதும் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம் என்று எழுதப்படுவதும் இதனால்தான்.

விற்றமின் சி ஊசியை எடுத்துக் கொள்வோம். அது ஒட்சியேற்றமடையும்போது மஞ்சளாகி, பின்னர் கபில நிறமாகிறது. சிதைவின்போது வாயு வெளிப்படுவதால் நெடுநாள் வைக்கப்பட்ட குப்பிக்குள் அமுக்கம் உயரக்கூடும். திறக்கும்போது கவனமாயிருக்குமாறு சில உற்பத்தியாளர்கள் தமது குறிப்பிலேயே எச்சரிக்கின்றனர். அதன் சிதைவின் கடைசிப் படிகளில் தோன்றுவது ஒட்சாலிக் அமிலம். சிறுநீரகக் கற்களில் காணப்படும் ஒட்சலேற்று இதிலிருந்தே உருவாகிறது. சிறு அளவில் இது பெரும் கேட்டை விளைவிக்காது. ஆனால் நாளத்தினூடாகப் பெருமளவில் விற்றமின் சி ஏற்றிக்கொள்ளும் நாகரிகம் அழகு நிலையங்கள் வரை பரவியிருக்கும் காலம் இது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமடைந்தவருக்கு, திகதிக்குட்பட்ட மருந்தே இந்த அளவில் ஆபத்தானது.

பி கொம்பிளெக்ஸ் ஊசியின் கதை இன்னும் சிக்கலானது. பல விற்றமின்கள் ஒரே திரவத்தில் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன, அக்குடித்தனம் சுமுகமானதன்று. அதிலுள்ள பி1, அதாவது தயமின், சிதையும்போது உண்டாகும் பொருள், நிக்கோட்டினமைட்டுடன் சேர்ந்து பக்கத்திலுள்ள பி12 ஐச் சிதைக்கும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட விடயம். விற்றமின் சி அருகில் இருந்தாலும் பி12 க்குக் கேடுதான். கலவை பழசாகப் பழசாக எது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கூற எந்த வைத்தியராலும் இயலாது. நிறம் மாறியிருந்தாலோ, கலங்கியிருந்தாலோ, துணிக்கைகள் மிதந்தாலோ அதை எறிந்துவிடலாம். ஆனால் தெளிவாக இருக்கும் திரவம் நல்ல திரவம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

"வலு குறைந்தால் என்ன, குறைந்த அளவு விற்றமின் கிடைக்கும், அவ்வளவுதானே" என்று கேட்கலாம். உடம்பு அசதிக்கு ஊசி போட்டுக்கொள்பவரைப் பொறுத்தவரை இது உண்மையே. அவருக்குப் பெரும்பாலும் புதிய ஊசியாலும் பயனில்லை, பழைய ஊசியாலும் பயனில்லை. ஆனால் விற்றமின் ஊசி உண்மையாகவே தேவைப்படும் சிலர் இருக்கின்றனர். அவர்களுக்கு இக்கேள்வி வாழ்வா சாவா என்ற கேள்வியாகவும் மாறலாம்.

நீரிழிவுக்காகப் பல வருடங்களாக மெற்போமின் உட்கொள்வோருக்கு உடலில் பி12 குறைய இடமுண்டு. தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவே உண்பவர்களிடமும் இக்குறைபாடு காணப்படுகிறது. வயிற்றில் பி12 ஐ உறிஞ்சும் ஆற்றலையே இழந்த நோயாளரும் உள்ளனர். அவர்களுக்குக் கை கால் விறைப்பும் தள்ளாட்டமும் ஞாபக மறதியும் மெல்ல மெல்ல வருகின்றன. காலந்தாழ்த்தினால் முள்ளந்தண்டு வடத்தில் ஏற்படும் பாதிப்பு திரும்பச் சீராவதில்லை. அத்தகைய ஒருவருக்கு வலுவிழந்த ஊசி ஏற்றப்பட்டால் நிகழ்வது என்ன? மருந்து பெற்றுக்கொண்டதாக அவரது கொப்பியில் பதிவாகிறது. வைத்தியரும் நம்புகிறார், நோயாளியும் நம்புகிறார். நோய் மட்டும் தன் வழியில் செல்கிறது. மருந்தே கொடுக்காவிட்டால் யாராவது ஒருவர் கவலைப்பட்டிருப்பார். இங்கு அந்தக் கவலையும் இல்லாமற் போகிறது.

பிறந்த குழந்தைக்கு ஏற்றப்படும் விற்றமின் கே ஊசி இதைவிட முக்கியமானது. சிசுவின் உடலில் இவ்விற்றமின் மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் அது குறைவாகவே உள்ளது. குருதி உறைவதற்கு இன்றியமையாத இந்த விற்றமின் கிடைக்காத குழந்தைகளுட் சிலருக்கு, பிறந்து சில வாரங்களின் பின்னரும் மூளைக்குள் குருதிக் கசிவு ஏற்படக்கூடும். இங்கு இரண்டாவது வாய்ப்பு என்பது இல்லை. ஒரேயொரு ஊசி, ஒரேயொரு தடவை. அந்த ஊசி வெளிச்சத்தில் கிடந்து காலங்கடந்ததாக இருக்கலாகாது என்பதில் எந்த விட்டுக்கொடுப்புக்கும் இடமில்லை.

எழுதப்பட்டது உள்ளே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மிகக் கசப்பான உதாரணம் 2003 இல் இஸ்ரேலில் கிடைத்தது. ஜேர்மனியில் தயாரிக்கப்பட்ட குழந்தைகளுக்கான சோயாப் பால்மா ஒன்றின் பெட்டியில் தயமின் இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. உள்ளே போதிய தயமின் இருக்கவில்லை. அதை மட்டுமே உணவாகப் பெற்ற சிசுக்கள் சில உயிரிழந்தன. வேறு பல நரம்புப் பாதிப்புடன் எஞ்சின. அந்த மா காலாவதியானதன்று. ஆயினும் வாசகம் ஒன்றும் உள்ளடக்கம் வேறொன்றுமாக இருப்பதன் விளைவு இதுதான். தயமின் குறைபாட்டால் வரும் பெரிபெரி நோயின் பெயரே, "முடியாது, முடியாது" எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததெனக் கூறப்படுகிறது. அந்த வகையில் இந்த நோய் எமது தீவுக்கு அந்நியமானதன்று.

எனினும் நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய மருந்தை எறிவது எப்போதும் பாதுகாப்பான தெரிவு என்று கருதுவதும் தவறு. 1988 இல் அமெரிக்காவில், நாளத்தினூடாக மட்டுமே போஷாக்குப் பெற்ற நோயாளர் மூவர், அத்திரவத்தில் தயமின் சேர்க்கப்படாததால் இறந்தனர். 1996 நவம்பரில் தொடங்கிய விற்றமின் ஊசிப் பற்றாக்குறையின்போதும், குருதியில் லக்ரிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்த நோயாளர்கள் அங்கு இனங்காணப்பட்டனர். செல்வந்த நாட்டிலேயே இந்த நிலையென்றால், 2022 மார்ச்சில் மருந்தின்மையால் பேராதனை போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்த நாடு எமது நாடு. யுத்த காலத்தில் பனடோலுக்கும் தட்டுப்பாடு கண்ட வடக்கு, கிழக்கு மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கையில் எஞ்சியிருப்பது திகதி கடந்த ஒரு குப்பி மட்டுமே. எதிரே தயமின் இன்றி நினைவிழந்து கிடக்கும் நோயாளி. அந்நிலையில் வைத்தியர் ஒருவர் எடுக்கும் முடிவைக் கொழும்பிலிருந்து குறை கூற எமக்குத் தகுதியில்லை. ஆனால் அத்தகைய முடிவை எடுக்கும் சுமையை அவர் தோளில் மட்டும் சுமத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது என்று கூற எமக்கு உரிமையுண்டு.

ஊசி என்பதாலேயே எழும் மேலதிக கேள்விகளும் உள்ளன. விழுங்கும் மாத்திரை வயிற்று அமிலத்தையும் குடலையும் ஈரலையும் தாண்டியே குருதிக்குள் செல்கிறது. ஊசிக்கு இந்தக் காவலரண்கள் எதுவுமில்லை; உள்ளே இருப்பது அப்படியே உடலுக்குள் போகிறது. உருக்கி மூடப்பட்ட கண்ணாடிக் குப்பியில் வெடிப்பில்லாதவரை கிருமி நுழைய வழியில்லை என்பது உண்மை. றப்பர் மூடியிட்ட குப்பியின் நிலை அவ்வாறன்று, றப்பரும் மூப்படைகிறது. பலமுறை எடுத்துப் பயன்படுத்தும் குப்பியை ஒருதடவை துளைத்துவிட்டால் பெட்டியிலுள்ள திகதி அர்த்தமற்றதாகிவிடுகிறது. உற்பத்தியாளர் வேறு விதமாகக் குறிப்பிடாவிடின், திறந்த நாளிலிருந்து 28 நாட்கள் என்பதே சர்வதேச ரீதியில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. திறந்த திகதியை எழுதாமல் மேசையில் நிற்கும் குப்பியே, திகதி கடந்த மூடிய குப்பியைவிட ஆபத்தானது என்று நாம் கருதுகிறோம். இன்னொன்று: நாளத்தினூடாகத் தயமின் ஏற்றும்போது அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படுவதுண்டு. புதிய மருந்திலும் அது நிகழலாம். திகதி கடந்த மருந்தில் நிகழ்ந்தால், காரணம் மருந்தா, சிதைவா, கிருமியா என்று பிரித்தறிய எவராலும் முடியாது. வீட்டில் வைத்து அயலவரான தாதியொருவர் உதவியாக ஏற்றிய ஊசி என்றால், நீதிமன்றில் அவருக்குத் துணையாக எதுவும் நிற்காது.

இனி எமது சூழலுக்கு வருவோம். திகதி என்பது களஞ்சிய நிலைமையோடு பிணைந்த வாக்குறுதி என்றோம். உலக நாடுகளைக் காலநிலை வலயங்களாக வகுத்திருக்கும் மருந்தியலாளர்கள், எம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலும் 75 சதவீத ஈரப்பதனிலும் சோதனை செய்யுமாறு கூறுகின்றனர். ஐரோப்பாவின் மிதமான காலநிலைக்கெனத் தயாரிக்கப்பட்டு, 25 பாகைக்குக் கீழ் வைக்குமாறு எழுதப்பட்ட ஊசி, மன்னாரிலோ கல்முனையிலோ தகரக் கூரையின் கீழ் உள்ள அலுமாரியில் அந்தத் திகதி வரை நிற்கும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. வளைகுடாவின் கோடையில் வாகனத்தின் பின்பகுதியில் ஒருநாள் முழுதும் கிடந்த பெட்டியில் வந்த ஊசியின் நிலையும் அதுவே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது எத்தனை மருந்தகங்களின் குளிரூட்டிகள் ஓய்ந்திருந்தன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எமது நாட்டில் பல மருந்துகள் திகதிக்கு முன்னரே காலாவதியாகின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

நன்கொடையாக வரும் மருந்துகளின் கதை தனியானது. 1992 முதல் 1996 வரை பொஸ்னியா ஹெர்சகோவினாவில் சுமார் 17,000 தொன் பயனற்ற அல்லது காலங்கடந்த மருந்துகள் குவிந்தன. இந்த அனுபவங்களின் பின்னணியில் 1996 இல் உலக சுகாதார நிறுவனம் விதிமுறைகளை வெளியிட்டது. நன்கொடை மருந்து ஒரு நாட்டை வந்தடையும்போது குறைந்தது ஒரு வருட ஆயுளாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் 2004 ஆழிப்பேரலையின் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுமார் 4,000 தொன் மருந்து வந்திறங்கியது. அவற்றுள் பெரும்பகுதி அங்குள்ளவர்களுக்குப் புரியாத மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. அதே அலை எமது கிழக்கையும் தெற்கையும் வடக்கையும் தாக்கியபோது மனமுவந்து அனுப்பப்பட்டவற்றில் எத்தகையவை வந்தன என்பதை அந்நாட்களில் முகாம்களில் பணியாற்றியவர்கள் அறிவர். கொடுப்பவரின் நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. தமக்கு ஏற்ற முடியாத ஊசி வறியவருக்குப் போதும் என்ற எண்ணம் அதற்குள் மறைந்திருந்தால், அதைத் தருமம் என்றோ ஸதக்கா என்றோ அழைக்க முடியாது.

ஒரு மருந்தின் காலத்தை நேர்மையாக நீடிக்க வழியே இல்லையா என்றால், உண்டு. 2017 ஜூனில் அமெரிக்காவில் அவசர சிகிச்சை ஊசி மருந்துகள் சிலவற்றுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, உற்பத்தி நிறுவனம் சமர்ப்பித்த சோதனைத் தரவுகளை ஆராய்ந்த உணவு மற்றும் மருந்து நிர்வாகம், குறித்த சில தொகுதிகளின் திகதியை நீடித்தது. எந்தத் தொகுதி இலக்கம், எந்தத் திகதி வரை என்பன பகிரங்கமாக வெளியிடப்பட்டன. எந்தத் தாதியும் தமது குப்பியைப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடியதாக இருந்தது. பற்றாக்குறையும் தீர்ந்தது, நோயாளியும் ஏமாற்றப்படவில்லை.

எமது நாட்டில் இதைச் செய்ய வேண்டிய நிறுவனங்கள் காகிதத்தில் இருக்கின்றன. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதன் கீழ் தர உறுதிப்பாட்டு ஆய்வுகூடமும் உள்ளது. ஆனால் 2023 ஆம் ஆண்டில் நடந்தவற்றை மக்கள் மறந்துவிடவில்லை. நுவரெலியாவில் கண்புரை சத்திரசிகிச்சை பெற்றவர்கள், திகதி கடக்காத சொட்டு மருந்தினாலேயே பாதிக்கப்பட்டனர். போலி ஆவணங்களுடன் கொள்வனவு செய்யப்பட்டதாகக் கூறப்படும் இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரத்தில், முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அதில் யார் குற்றவாளி என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் கடமை. நாம் அதற்குள் நுழையவில்லை. திகதிக்குட்பட்ட மருந்தையே உறுதிப்படுத்த முடியாதென மக்கள் கருதும் ஓர் அமைப்பு, திகதி கடந்த மருந்தை நல்லதென்று சொன்னால் எவர் நம்புவார் என்பதே எமது வினா. நீடிப்பு அவசியமாயின், தொகுதி இலக்கமும் ஆய்வுகூட முடிவும் மும்மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். சுற்றறிக்கையொன்றின் மூலம் ஓசையின்றிச் செய்யப்படும் நீடிப்பு, இருக்கும் சிறிதளவு நம்பிக்கையையும் போக்கிவிடும்.

அரச களஞ்சியங்களில் மருந்துகள் காலாவதியாகித் தேங்குவதைக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி வந்திருக்கின்றன. ஓரிடத்தில் தட்டுப்பாடும் இன்னோரிடத்தில் அழிப்பும் ஒரே காலத்தில் நடப்பது விதியின் செயலன்று. தேவையை முன்கூட்டி மதிப்பிடாமையும், ஒரு வைத்தியசாலையின் மேலதிக இருப்பை மற்றொன்றுக்கு மாற்றாமையுமே இதற்குக் காரணம். தேவையான மருந்துகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டதை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் நாட்டுக்கு இது கட்டுப்படியாகாது. காலாவதியான பின் என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதை விட, ஆறு மாதத்துக்கு முன்னரே அதைத் தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவது மலிவானது.

ஊசி மீது எம்மவருக்கு இருக்கும் மோகத்தையும் இங்கு குறிப்பிடாமல் விட முடியாது. ஊசி போடாத டொக்டர் நல்ல டொக்டர் அல்லர் என்ற எண்ணம் இன்னும் மாறவில்லை. சிவப்பு நிற மருந்து உள்ளே போனால் உடனே தெம்பு வரும் என்று நம்புவோர் படித்தவர்களிலும் பலர். விற்றமின் குறைபாடுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மாத்திரையே போதுமானது. பி12 குறைபாட்டுக்கும், நாளொன்றுக்கு 1,000 மைக்ரோகிராமும் அதற்கு மேற்பட்டதுமான அளவில் கொடுக்கப்படும் மாத்திரை பலரிடத்தில் ஊசிக்கு நிகராகப் பயனளிப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எவருக்கு மாத்திரை போதும், எவருக்கு ஊசியே வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். திகதி கடந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுபவர், இந்த ஊசி எனக்குத் தேவைதானா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

தேவையென்றால், திகதிக்குட்பட்ட புதிய ஊசியைப் பெற வேண்டும். வீட்டிலுள்ள பழையதை ஏற்றிக்கொள்ளலாகாது. வேறெவருக்கும் கொடுக்கவும் கூடாது. கண்ணாடிக் குப்பியை வீட்டுக் குப்பையுடன் சேர்த்தால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கையையே அது வெட்டும். அதை அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மருந்தாளரிடம் ஒப்படைத்து அகற்றுமாறு கேட்பதே முறை. திகதியை வாசிப்பதிலும் குழப்பமுண்டு. மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அம்மாதத்தின் கடைசி நாள் வரை என்றே கொள்ள வேண்டும். நாளும் மாதமும் இடம்மாறி அச்சிடப்படும் நாடுகளும் உண்டு. பெட்டியைத் தொலைத்துவிட்ட சிறு குப்பியில், கை பட்டு அழிந்துபோன எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டியுள்ளது.

அப்படிப் படித்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழும் சிங்களமும் அரச கரும மொழிகளாக உள்ள ஒரு நாட்டில், ஒரு தாய் தன் குழந்தைக்கு ஏற்றப்படும் மருந்தின் திகதியைத் தானே வாசித்தறிய முடியாதிருக்கிறாள். காலாவதித் திகதி, வைக்கவேண்டிய வெப்பநிலை, வெளிச்சம் படக்கூடாது என்ற எச்சரிக்கை ஆகிய மூன்றையும் மருந்துப் பெட்டியில் மும்மொழியிலும் அச்சிடுமாறு இறக்குமதியாளர்களுக்கு நிபந்தனை விதிப்பதற்குப் புதிய ஆய்வுகூடமோ வெளிநாட்டுக் கடனோ தேவைப்படாது. அடுத்த தடவை பதிவுச் சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படும்போதே ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அதைச் செய்யலாம்.